பிடின்னா பிடி, பிடுன்னா விடு

ஓசூருக்கும் கடலுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. தண்ணின்னு பார்த்தா கெலவரப்பள்ளி அணை இருக்கு, அதுலயும் பல நாள் தண்ணியை விட நுரைதான் அதிகம். பாய்மரப் படகை நேர்ல பார்க்கணும்னா பஸ் ஏறி 40 கிலோமீட்டர் பெங்களூரு போகணும். அல்சூர் ஏரியில ராணுவப் பொறியாளர் பிரிவுக்காரங்க சின்னச் சின்னப் பாய்மரப் படகு விட்டுப் பழகுவாங்க. இப்படிப்பட்ட ஊர்ல உட்கார்ந்துகிட்டு, அதுவும் பி.காம் படிச்சுகிட்டு, "கிரேன் இல்லாம பாய்மரத்தை எப்படி நிமிர்த்தறது, எப்படி இறக்கறது"ன்னு எழுதறானே, இவனுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க நினைச்சா தப்பே இல்லை. கொஞ்சம் பொறுங்க. பாய்மரம், மின்கம்பம், கொடிக்கம்பம், கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்ட நாம நடற சவுக்குக் கம்பம், எல்லாமே ஒரே கணக்குதான். அந்தக் கணக்கு தெரியாம நம்ம பக்கத்துல ஆளுங்க சாகறாங்க.

முதல்ல, பாய்மரத்தை ஏன் இறக்கணும்? பாலத்துக்கு அடியில போக, மேல இருக்கற கம்பியையும் கப்பியையும் ரிப்பேர் பார்க்க, படகை வண்டியில ஏத்தி ஊருக்குக் கொண்டு போக. சில இடங்கள்ல பாய்மரத்துக்குப் பதிலா பாலமே வழி விடும். 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலத்தோட ஷெர்ஸர் பகுதியை ஆளுங்க கையால சுத்தியே திறந்து கப்பலுக்கு வழி விடுவாங்க. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேல போகுது. ஆனா உலகத்துல எல்லாப் பாலமும் பாம்பன் பாலம் இல்லையே. அதனால படகுக்காரன்தான் குனியணும்.

பெரிய துறைமுகத்துல கிரேன் இருக்கும். நம்ம சிப்காட் பக்கம் ஒரு போன் போட்டா ஹைட்ரா வந்து நிக்கற மாதிரி. ஆனா சின்னப் படகு வெச்சிருக்கவன் ஒவ்வொரு தடவையும் கிரேனுக்கு வாடகை குடுத்தா கட்டுப்படியாகாது (காமர்ஸ் புத்தி, மன்னிக்கவும்). அதனால உலகம் பூரா சின்னப் படகுக்காரங்க தாங்களே நிமிர்த்திக்கறாங்க, தாங்களே இறக்கிக்கறாங்க.

இதுல புரிஞ்சுக்க வேண்டிய முதல் விஷயம்: தூக்கறது வேற, நிமிர்த்தறது வேற. தஞ்சாவூர் விமானத்து மேல கல் எப்படிப் போச்சுன்னு பட்டிமன்றமே நடத்தறாங்களே, அது தூக்கற கதை. மொத்த எடையும் மேல போகணும். நிமிர்த்தறதுல அடி தரையை விட்டுப் போறதே இல்லை. நுனி மட்டும்தான் மேல வருது. ஒரே சீரான 40 கிலோ கம்பத்தோட நுனியைத் தூக்கினா உங்க கைக்கு வர்றது 20 கிலோதான், மீதி 20-ஐ தரை தாங்கிக்கும். சூளகிரி பக்கம் மல்லசந்திரத்துல பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கு, பலகை பலகையா கிரானைட் கல்லு நிமிர்ந்து நிக்குது. ஹைட்ராவும் இல்லாம, இரும்புக் கப்பியும் இல்லாம நிக்க வெச்சிருக்காங்க. இன்னிக்கும் கிருஷ்ணகிரி தோட்டங்கள்ல வேலிக்குக் கல்லுக்கால் நடறதைப் பாருங்க. குழி வாயில கல்லோட அடியை வெச்சு, எதிர்ப்பக்கம் ஒருத்தர் கடப்பாரையை முட்டுக் குடுக்க, ரெண்டு பேர் நுனியைத் தூக்கினா கல்லு தானே வழுக்கிக் குழிக்குள்ள இறங்கி நின்னுடும்.

கல்லுக்கால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். பாய்மரம் அப்படி இல்லை. கை எட்டற உயரத்துக்கு மேல என்ன பண்றது? கயிறு கட்டி இழுப்போம்னு தோணும். இங்கதான் கணக்கு உதைக்குது.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். பாய்மரம் 9 மீட்டர் நீளம், 40 கிலோ எடை. அடியில கீல் இருக்கு, கதவுக் கீல் மாதிரி. பாய்மரம் படகோட பின்பக்கமா படுத்திருக்கு. கீலுக்கு 3 மீட்டர் முன்னாடி, அணியத்துல (படகோட முன்முனை) நீங்க நின்னு, பாய்மர நுனியில கட்டின கயித்தை இழுக்கறீங்க. ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தா கயிறு பாய்மரத்து மேலேயே படிஞ்சு கிடக்கும். நீங்க எவ்வளவு இழுத்தாலும் பாய்மரம் எழும்பாது, கீல்தான் நசுங்கும். சரி, நாலு பேர் சேர்ந்து நுனியை ஒரு மீட்டர் தூக்கிப் பிடிச்சுக் குடுத்தாங்கன்னே வைங்க. அப்பவும் கயித்துல விழற இழுவை சுமார் 700 கிலோ. 40 கிலோ கம்பத்துக்கு 700 கிலோ! நானும் நம்பாம ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். கயிறுக்கும் கீலுக்கும் நடுவுல இருக்கற தூரம் வெறும் கால் மீட்டர்தான் வருது, அதான் காரணம். கதவைக் கீல் பக்கத்துல கை வெச்சுத் தள்ளிப் பாருங்க, புரியும்.

இதுக்கு மருந்து ஒரு துணைக்கம்பு. தமிழ் எழுத்து "ட" இருக்கே, அதை மனசுல நினைச்சுக்கோங்க. படுத்த கோடு பாய்மரம், நின்ன கோடு துணைக்கம்பு. ரெண்டும் சேர்ற மூலைதான் கீல். துணைக்கம்போட உச்சியிலிருந்து பாய்மர நுனிக்கு ஒரு கயிறு, அது நீளம் மாறாது. அதே உச்சியிலிருந்து அணியத்துக்கு இன்னொரு கயிறு, கப்பி போட்டது. இப்ப முன்பக்கக் கயித்தை இழுத்தா துணைக்கம்பு முன்னாடி சாயும், பாய்மரம் பின்னாடியிலிருந்து எழும்பும். "ட" அப்படியே உருண்டு நிமிருது, அவ்வளவுதான். துணைக்கம்பு 3 மீட்டர்னா ஆரம்ப இழுவை சுமார் 85 கிலோ. 700 எங்கே, 85 எங்கே! நாலு இழை வர்ற மாதிரி கப்பி போட்டா கைக்கு வர்றது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. உராய்வுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க. அரிசி மூட்டையில பாதி கூட இல்லை. பாய்மரம் எழும்ப எழும்ப இதுவும் குறைஞ்சுகிட்டே வரும், நேரா நிக்கும்போது கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது.

ரெண்டாவது எதிரி, பக்கவாட்டு ஆட்டம். இது எடையை விட மோசம். நின்னுகிட்டு இருக்கற பாய்மரத்துக்கு ரெண்டு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். ஆனா அந்தக் கம்பிகளோட கீழ்முனை பெரும்பாலும் கீலுக்குக் கொஞ்சம் பின்னாலயோ கீழயோ இருக்கறதால, பாய்மரம் பின்பக்கமா சாயச் சாய ரெண்டும் தொளதொளன்னு ஆயிடும். பாதி வழியில, தலைக்கு மேல, பிடிமானமே இல்லாத 9 மீட்டர் கம்பம். யோசிச்சுப் பாருங்க. அதனால தனியா ரெண்டு பக்கக் கயிறு கட்டறாங்க. அதோட கீழ்முனைகள் கீலோட ஊசி எந்த நேர்கோட்டுல, எந்த உயரத்துல இருக்கோ அதே கோட்டுல, சரியா இடமும் வலமும் இருக்கணும். கதவோட மேல்கீலும் கீழ்கீலும் ஒரே கோட்டுல இல்லைன்னா கதவு என்ன பாடுபடும்? அதேதான். ஒரே கோட்டுல இருந்தா, பாய்மரம் படுத்திருந்தாலும் நின்னாலும் அந்தக் கயிறுகள் ஒரே இறுக்கத்துல இருக்கும்.

துணைக்கம்பும் பக்கவாட்டுல சாயும். அதனால சிலர் ஒத்தைக் கம்புக்குப் பதிலா ரெண்டு கம்பை உச்சியில சேர்த்துக் கட்டி, அடியை அகட்டி வெச்சுக்கறாங்க. நம்ம ஊர்ல மின்கம்பம் நடறவங்க ரெண்டு மூங்கிலைக் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே கட்டி முட்டுக் குடுக்கறதைப் பார்த்திருப்பீங்க. இந்தச் சாதி வேலையெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கத்து "வெர்ரி"ங்கற சரக்குப் படகு. பாலம் அதிகமான ஆறுகள். ஒவ்வொரு பாலத்துக்கும் கப்பி கட்டிகிட்டு இருந்தா பிழைப்பு நடக்காது. அதனால பாய்மரத்தோட அடியைக் கீலுக்குக் கீழ நீட்டி, அதுல கனமான ஈயத்தைக் கட்டிட்டாங்க. மேல இருக்கற எடையும் கீழ இருக்கற எடையும் சமம். ஒத்தை ஆள் இறக்கி, பாலத்தைத் தாண்டி, மறுபடி ஏத்திடலாம். 1898-ல கட்டின "ஆல்பியன்"ங்கற வெர்ரியை இன்னும் பாதுகாத்து ஓட்டிகிட்டு இருக்காங்க. இதைப் படிச்சப்ப எனக்கு ஏற்றம்தான் ஞாபகம் வந்தது. கிணத்துல தண்ணி இறைக்க நீளமான மரம், பின்முனையில கல்லு. சாலு காலியா இறங்கும்போது ஆள் கொஞ்சம் அழுத்துவான், நிறைஞ்சு ஏறும்போது கல்லு இழுத்துக்கும். ரயில்வே கேட்டும் அப்படித்தான். தேம்ஸ் ஆத்துல ஓடின சரக்குப் படகுகள்ல ஈயம் இல்லை. அங்க முன்கம்பியில பெரிய கப்பி போட்டு, நங்கூரம் சுத்தற உருளையாலேயே பாய்மரத்தை இறக்கி ஏத்துவாங்க. பாலத்துக்கிட்ட கூலிக்கு ஏறிக்கற ஆட்களே தனியா இருந்தாங்க, "ஹஃப்ளர்"னு பேர். நம்ம ஊர் சுமைகூலி மாதிரி ஒரு தொழில்!

சரி, நிமிர்த்தியாச்சு. எங்க பெரியப்பா சொல்லுவார், "ஏத்தறதுக்கு ஆள் வேணும், எறக்கறதுக்குப் புத்தி வேணும்." அவர் மின்கம்பம் நடற ஒப்பந்த வேலையில இருபது வருஷம் இருந்தவர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, ஆனேக்கல் வரைக்கும்.

ஏத்தும்போது கனம் ஆரம்பத்துலயே வந்துடும். முடியலைன்னா கீழேயே வெச்சுட்டு டீ குடிக்கப் போகலாம். இறக்கும்போது கனம் கடைசியில வருது. நேரா நிக்கற கம்பத்துக்கு இழுவையே இல்லை, விரலால தள்ளினா சாயும். "அட, இவ்வளவுதானா"ன்னு பிடியைத் தளர்த்துவோம். சாயச் சாய கனம் ஏறிகிட்டே போகும். தரைக்குக் கிட்ட வரும்போது 85 கிலோ வந்து கையைப் பிடுங்கும். அந்த நேரத்துல கயித்தைக் கையில சுத்தி வெச்சிருந்தா விரல் போச்சு. நழுவ விட்டா உள்ளங்கைத் தோல் போச்சு.

அதனால வெறும் கையால பிடிக்கவே கூடாது. கயித்தை ஒரு கல்லுக்கால்லயோ மரத்துலயோ சுத்தி விடணும். உராய்வு எண் 0.3-ன்னு வெச்சா, ஒரு முழுச் சுத்துக்கு இழுவை ஆறரை மடங்கு குறையும். 85 கிலோ 13 கிலோ ஆயிடும். ரெண்டு சுத்து சுத்தினா 2 கிலோ. ஒரு கையில மொபைலைப் பார்த்துகிட்டே இறக்கலாம் (பார்க்காதீங்க). கூட்டு வட்டி எப்படிப் பெருகுதோ அதே மாதிரிதான் இதுவும், ஒவ்வொரு சுத்தும் பெருக்கல். எங்க வகுப்புக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும்.

பெரியப்பா வேலையை விட்டது இப்படி இறக்கும்போதுதான். பழைய கம்பம் ஒண்ணைப் பிடுங்கிச் சாய்ச்சுகிட்டு இருந்தாங்க. கயிறெல்லாம் சரியாத்தான் கட்டியிருந்தது. ரெண்டு பக்கக் கயித்துக்கும் ஆள். மேஸ்திரி ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம். இடது கயித்துல நின்னவர் அரூர் பக்கத்துலேர்ந்து அந்த வாரம்தான் வேலைக்கு வந்தவர், தமிழ் மட்டும்தான் தெரியும். கம்பம் லேசா இடது பக்கம் இழுத்துகிட்டு வர, மேஸ்திரி அவரைப் பார்த்து "பிடு, பிடு"ன்னு கத்தினார். பஸ்ஸுக்கு வர்ற "ப" அது. கன்னடத்துல "விடு"ன்னு அர்த்தம். அரூர்க்காரர் காதுல அது "பிடி, பிடி"ன்னு விழுந்தது. அவர் உயிரைக் குடுத்துப் பிடிச்சார். மேஸ்திரி இன்னும் சத்தமா கத்த, இவர் இன்னும் இறுக்கிப் பிடிச்சார். கம்பம் இடது பக்கமா சுழன்று காம்பவுண்டு சுவர் மேல விழுந்து, அங்கிருந்து சரிஞ்சு பெரியப்பாவோட கணுக்கால் மேல விழுந்தது. யாரும் சோம்பேறி இல்லை, யாரும் குடிச்சிருக்கலை. ரெண்டு பேருமே சொன்ன வேலையைத்தான் செஞ்சாங்க. மூணு மாசம் படுக்கை. இப்பவும் மாடிப்படி ஏறினா ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னுதான் ஏறுவார். ஒப்பந்தக்காரர் முதல் வாரம் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்ததோட சரி.

இது எங்க எல்லையில மட்டும் வர்ற ஆபத்துன்னு தோணுது. இங்க ஒரு கயித்தைப் பிடிக்கற நாலு பேர்ல ரெண்டு பேர் வீட்டுல தெலுங்கு, ஒருத்தர் கன்னடம், ஒருத்தர் தமிழ். இப்ப பீகார், ஒடிசாக்காரங்களும் சேர்ந்தாச்சு. டீக்கடையில இது அழகு. கம்பம் தலைக்கு மேல இருக்கும்போது அழகு இல்லை. தூக்கச் சொல்ல கன்னடத்துலயும் தெலுங்குலயும் "எத்து"தான், அதுல சண்டை இல்லை. ஆனா பிடிக்கச் சொல்லவும் விடச் சொல்லவும் இருக்கற வார்த்தைங்கதான் ஆளைக் கொல்லுது. கன்னடத்துல பிடிக்கிறது "ஹிடி", விடுறது "பிடு". தெலுங்குல பிடிக்கிறது "பட்டு". தமிழன் காதுக்கு "பிடு"வும் "பிடி"யும் அரை எழுத்துதான் வித்தியாசம், அர்த்தம் நேர் எதிர்.

பெரியப்பா குழு அப்புறம் கண்டுபிடிச்ச வழி, மூணு மொழியையும் விட்டுட்டு "டைட்", "லூஸ்", "ஸ்டாப்". தமிழ்ப் பற்றாளர்கள் என்னைத் திட்டலாம். ஆனா இந்த மூணு வார்த்தையும் எல்லார் காதுலயும் ஒரே மாதிரி விழுது, ஒண்ணு இன்னொண்ணு மாதிரி ஒலிக்கலை. டைட், லூஸ் சொல்ற உரிமை ஒரே ஆளுக்கு. அவர் கயித்தைத் தொட மாட்டார், எல்லாரும் பார்க்கற இடத்துல நிப்பார். ஸ்டாப் மட்டும் யார் வேணாலும் சொல்லலாம், வேடிக்கை பார்க்கற சின்னப் பையன் சொன்னாலும் எல்லாக் கையும் நிக்கணும். ("லூஸ்"னு கத்தினா எல்லாரும் ஒருத்தரைத் திரும்பிப் பார்ப்பாங்களாம், அது வேற கதை.)

கயிறு, கீல், வார்த்தை எல்லாம் சரியா இருந்தும் ஆள் சாகற ஒரு வழி இருக்கு. மேல போற மின்கம்பி. மின்சார விதிகள்படி தெருவைக் குறுக்கே கடக்கற சாதாரண வீட்டு லைன் தரையிலிருந்து குறைஞ்சது 5.8 மீட்டர் உயரத்துல இருந்தா போதும். உயர் அழுத்த லைனுக்கு 6.1 மீட்டர். நம்ம உதாரணப் பாய்மரம் 9 மீட்டர், அதுவும் அலுமினியம். படகை வண்டியில வெச்சு ரோட்டோரம் நிமிர்த்தினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுல படகு இறக்கற இடங்கள்ல "மேல பார்"னு பலகையே வெச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல படகுக்குப் பதிலா கொடிக்கம்பம். 2021 ஆகஸ்ட்ல விழுப்புரத்துல ஒரு கல்யாணத்துக்குக் கட்சிக் கொடிக்கம்பம் நட்ட பள்ளிக்கூடப் பையன் மின்சாரம் தாக்கி இறந்து போனான். ஸ்கூல் பையன். அவனுக்கு யாரும் மேல பார்னு சொல்லலை. 2025 ஜனவரியில உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பொது இடத்துக் கொடிக்கம்பத்தையெல்லாம் 12 வாரத்துல அகற்றணும்னு சொன்னப்ப, வழக்கு அப்புறம் எங்க போச்சுங்கறதை விட, எனக்கு முதல்ல தோணினது இதுதான்: இத்தனை கம்பத்தையும் இறக்கப் போறது யார்? எந்தக் கயிறு, எந்தச் சுத்து, யார் மேல பார்க்கறது?

ஹைட்ரா வந்தா இதெல்லாம் தீரும்னு நினைக்காதீங்க. ஹைட்ராவோட கையும் இரும்புதான், அதுவும் கம்பியைத் தொடும். கணக்கு ரொம்ப எளிசு. கம்பம் எந்தப் பக்கம் விழுந்தாலும் அதோட நுனி கம்பியை எட்டக் கூடாது. 9 மீட்டர் கம்பம்னா, அடியிலிருந்து சுத்தி 9 மீட்டருக்குள்ள தலைக்கு மேல லைனே இருக்கக் கூடாது, அதுக்கு மேலயும் கொஞ்சம் இடம் விடணும். இடம் இல்லைன்னா நடக்கூடாது. இல்லை, மின்வாரியத்துல சொல்லி லைனை ஆஃப் பண்ணி, ஆஃப் ஆச்சுன்னு அவங்க வாயாலயே கேட்டுட்டு நடணும். ஈர மூங்கில்லயும் ஷாக் வரும், மூங்கில்தானேன்னு அசட்டையா இருக்க வேண்டாம்.

எங்க தெரு விநாயகர் சதுர்த்திக்கு ஒவ்வொரு வருஷமும் கோயில் வாசல்ல சீரியல் லைட்டுக்கு 25 அடி சவுக்குக் கம்பம் நடுவோம். 25 அடின்னா ஏழரை மீட்டருக்கு மேல. கோயில் வாசல்லேர்ந்து லைன் எவ்வளவு தூரம்னு இந்தத் தடவை டேப் வெச்சு அளந்தோம், நாலு மீட்டர் கூட இல்லை. கம்பத்தைப் பின்பக்கக் காலி மனைக்கு மாத்தியாச்சு. தெருவிலேர்ந்து பார்த்தா லைட்டு பாதிதான் தெரியுதுன்னு நாலு பேருக்கு வருத்தம். பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்துகிட்டு டைட், லூஸ் சொன்னார். பின்பக்கக் கயித்தை அங்கிருந்த வேப்ப மரத்துல ரெண்டு சுத்து சுத்தி நான் பிடிச்சிருந்தேன். நிமிர்த்த பதினோரு நிமிஷம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை ஸ்டாப். ஒண்ணு பெரியப்பா சொன்னது, இன்னொண்ணு அஞ்சாம் கிளாஸ் படிக்கற பக்கத்து வீட்டுப் பொண்ணு, கம்பத்துக்கு அடியில நாய் வந்துடுச்சுன்னு.